தட்டிப் பார்த்தல்: ஜெகதாப்பட்டினத்தில் ஒரு பைபர் படகு மீண்ட வரலாறு

கடற்கரை ஊர்களில் பைபர் படகு என்றும், சுருக்கமாகப் பைபர் என்றும் சொல்லப்படும் கலம், கண்ணாடியை உருக்கி மெல்லிய இழைகளாக இழுத்து, அவ்விழைகளைப் பாயாகவும் துணியாகவும் ஆக்கி, ரெசின் எனப்படும் செயற்கைப் பிசினில் நனைத்து, அச்சுக்குள் அடுக்கடுக்காகப் படியவைத்து இறுகச் செய்வதால் உருவாகிறது. வலிமையைத் தருவது கண்ணாடி இழை. அவ்விழைகளைப் பிணைத்து, நீர் புகாமல் மூடி, வடிவத்தைக் காப்பது ரெசின். கட்டட வேலையில் கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள உறவு இவ்விரண்டுக்கும் உண்டு எனலாம். மரக்கலம் பலகைகளின் சேர்க்கையாதலால் பழுதான பலகையைக் கழற்றி வேறொன்றை வைக்க முடியும். பைபர் படகு மூட்டில்லாத ஒரே ஓடாதலால் அதில் கழற்றுவதற்கென்று உறுப்பு எதுவும் இல்லை. பழுதான இடத்தை அரைத்து நீக்கிவிட்டு, அந்த ஓட்டின் அப்பகுதியை அதே இடத்தில் மறுபடியும் பிறப்பிக்க வேண்டும். இவ்வேறுபாட்டைப் புத்தகத்தில் படித்து அறிவதற்கும் கிரைண்டரைக் கையில் பிடித்து அறிவதற்கும் இடையே உள்ள தொலைவை, 2019ஆம் ஆண்டின் கோடையில் ஒரு வேதியியல் ஆசிரியர் கடக்க நேர்ந்தது. அவரே இக்கட்டுரையாளர்.

ஜெகதாப்பட்டினம் புதுக்கோட்டை மாவட்டம் மணமேல்குடி வட்டத்தைச் சேர்ந்த ஊர். கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி நீளும் ஊர்வரிசையில், விசைப்படகுகள் தங்கும் தளங்களாகக் கோட்டைப்பட்டினமும் இவ்வூரும் விளங்குகின்றன. முன்னே விரியும் பாக் விரிகுடா பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமே உடையது. வடகிழக்கிலிருந்து வாடை வீசும் மழைக்காலத்தில் கொந்தளிக்கும் இக்கடல், மேற்கிலிருந்து கச்சான் வீசும் மாதங்களில், காற்று கரையிலிருந்து கடலை நோக்கிச் செல்வதால், கரையோரம் குளம்போல் அடங்கிக் கிடக்கும். இழுவலைகளுடன் செல்லும் விசைப்படகுகளும், வள்ளம், வத்தை, பைபர் எனப் பல வடிவில் உள்ள நாட்டுப்படகுகளும் வாரத்தின் நாட்களைப் பங்கிட்டுக்கொண்டு தொழிலுக்குச் செல்வது இக்கடலின் வழக்கம். கடற்கரையில் தொழில் என்ற சொல்லுக்கு மீன்பிடித்தல் என்ற ஒரே பொருள்தான் உண்டு. எனவே ஒருவர் தொழிலுக்காக அன்றிப் பொழுதுபோக்காகப் படகு ஒன்றைச் செப்பனிடுகிறார் என்ற செய்தி அவ்வூரில் புரியாத ஒன்றாகவே முதலில் கருதப்பட்டது.

கிழக்குக் கடற்கரையில் மீன்கள் இனம் பெருக்குவதற்காக விதிக்கப்படும் தடைக்காலம், 2001 முதல் 45 நாட்களாக இருந்து, 2017 முதல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடைப்பிடிக்கப்படுகிறது. இத்தடை விசைப்படகுகளுக்கே உரியது. ஆயினும் அந்நாட்களில் கரை முழுவதும் ஒரு பட்டறையாக மாறிவிடுகிறது. விசைப்படகுகள் மேடேற்றப்பட்டு, அடிப்பகுதியில் ஒட்டிய பாசியும் சிப்பியும் சுரண்டப்பட்டு, மரம் மாற்றப்பட்டு, அதன் மேல் பைபர் போர்வை இடப்பட்டு, வண்ணம் பூசப்படுகின்றன. தச்சர், வெல்டிங் செய்வோர், என்ஜின் மெக்கானிக், பைபர் வேலை செய்வோர் ஆகிய அனைவரும் ஒரே இடத்தில் கூடும் காலமும் அதுவே. பள்ளிகளின் கோடை விடுமுறை இத்தடைக்காலத்தின் நடுவில் விழுவதால், ஆசிரியர் ஒருவருக்கு அதனினும் ஏற்ற பயிற்சிக்காலம் கிடைத்திருக்க வழியில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 18 அன்று நடந்த மக்களவைத் தேர்தலில் வாக்குச்சாவடிப் பணியை முடித்த மறுவாரமே வேலை தொடங்கியது.

கண்ணாடி இழையைப் பெருமளவில் உற்பத்தி செய்யும் முறை 1930களில் அமெரிக்காவில் உருவானது. சூடேற்றாமலே இறுகக்கூடிய பாலியெஸ்டர் ரெசினும் அதையடுத்துக் கைவரப் பெற்றது. இவ்விரண்டையும் சேர்த்து ஓஹியோ மாநிலத்தைச் சேர்ந்த ரே கிரீன் என்பவர் 1942இல் சிறு பாய்மரப் படகு ஒன்றைச் செய்தார் என்பது படகு வரலாற்றில் குறிக்கப்படும் செய்தி. தமிழகக் கரைக்கு அது வந்து சேர்வதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம் 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்கக் கடல் திட்டம், அலையடிக்கும் திறந்த கரையில் இறங்கி ஏறக்கூடிய சிறு படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. 1957இல் கொச்சியில் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மரப்படகுகளுக்குப் பைபர் போர்வையிடும் முறைகளை ஆராய்ந்தது. நல்ல மரம் கிடைப்பது அரிதாகி விலையும் ஏறியபோது பைபர் மெல்லப் பரவியது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு அது பெருவெள்ளமாயிற்று. இழந்த கட்டுமரங்களுக்கும் வள்ளங்களுக்கும் ஈடாக அரசும் தொண்டு நிறுவனங்களும் வழங்கியவற்றுள் பைபர் படகுகளே மிகுதி. அவசரத்தில் எழுந்த பல பட்டறைகளில் அடுக்குகளின் எண்ணிக்கையும் ரெசினின் அளவும் சீராகப் பேணப்படவில்லை என்பதை, அப்படகுகளை அறுத்துப் பார்த்த கைகள் நன்கு அறியும்.

செப்பனிட எடுத்துக்கொள்ளப்பட்ட படகு ஏறத்தாழ 24 அடி நீளமுடையது. அதன் உரிமையாளர் நடுவயது கடந்த மீனவர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், புதுக்கோட்டைக் கரையிலும் படகுகளை ஒன்றோடொன்று மோதவிட்டு நொறுக்கியபோது, இப்படகும் இடிபட்டுக் கரையில் ஒதுங்கியது. அவர் வேறொரு படகில் பங்காளியாகச் சேர்ந்துவிட்டதால், ஐந்து மாதங்கள் அது சீமைக்கருவேலம் புதர் ஓரம் கவிழ்ந்து கிடந்தது. செலவையும் உழைப்பையும் ஆசிரியர் ஏற்பது, படகும் அதன் பதிவு எண்ணும் உரிமையாளரிடமே இருப்பது, வேலை முடிந்தபின் அவர் நண்டு வலைக்குச் செல்லும் நாட்களில் விரும்பினால் ஆசிரியர் உடன் செல்வது என்பதே இருவரும் வாய்மொழியாகச் செய்துகொண்ட ஏற்பாடு. மூன்றாமவராகச் சேர்ந்தவர் விசைப்படகுகளுக்குப் பைபர் போர்வையிடும் ஒரு மேஸ்திரி. பகலெல்லாம் கூலி வேலை பார்த்துவிட்டு, விடியற்காலையிலும் மாலையிலும் வந்து வழிகாட்டுவதற்கு அவர் ஒப்புக்கொண்டார். அவர் ஆசிரியரைச் "சார்" என்றும், உரிமையாளரை "அண்ணே" என்றும் அழைத்தார். ஆசிரியரோ இருவரையுமே, வயதையும் தொழிலையும் கருதி, "அண்ணே" என்றும் "மேஸ்திரி" என்றும் அழைத்தார்.

முதல் பாடம் செவியால் கற்பது. மேஸ்திரி சிறு சுத்தியல் ஒன்றின் மரப்பிடியால், அணியம் எனப்படும் முன்பகுதியிலிருந்து அமரம் எனப்படும் பின்பகுதி வரை, சாண் அகலத்துக்கு ஓரிடமாக ஓட்டைத் தட்டிக்கொண்டே சென்றார். சந்தையில் மண்சட்டி வாங்குகிறவர் விரலால் சுண்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. அடுக்குகள் இறுகப் பிணைந்திருக்கும் இடத்தில் ஓசை தெறித்துக் கேட்கும். அடுக்குகள் பிரிந்து இடையே காற்றோ நீரோ புகுந்த இடத்தில் அது மழுங்கி அடங்கிவிடும். மழுங்கிய இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டே வந்தபோது, கண்ணுக்குத் தெரிந்த ஓட்டை ஒன்றே என்றாலும், செவிக்குத் தெரிந்த பழுதுகள் பதினொன்று என்பது புலப்பட்டது. ஆய்வகத்தில் கருவிகளையே நம்பிப் பழகியவருக்கு அந்த வட்டங்களின் மேல் முதலில் ஐயம் இருந்தது; பின்னர் அரைத்துப் பார்த்தபோது பதினொன்றில் பத்து இடங்களில் அடுக்குகள் உண்மையாகவே பிரிந்திருந்தன.

பழுதுகள் நான்கு வகையாகப் பிரிந்தன. அணியத்தை அடுத்த இடப்பக்கத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே, வேறொரு படகின் முனை இடித்து உண்டான 20 சென்டிமீட்டர் அகல ஓட்டை முதலாவது. மோட்டார் பொருத்தப்படும் பின்பலகை உள்ளுக்குள் உளுத்துப்போனது இரண்டாவது. மூழ்காமல் காப்பதற்காக அறைகளில் அடைக்கப்பட்டிருந்த நுரைப்பொருள் நீரை உறிஞ்சிக் கனத்துப்போனது மூன்றாவது. ஓட்டின் வெளித்தோலாகிய ஜெல்கோட், அதாவது வண்ணம் கலந்து அச்சில் முதலாவதாகப் பூசப்படும் இழையற்ற ரெசின் படலம், வெயிலில் வெளுத்துப் பொடிந்து, சிலந்தி வலைபோல் வெடித்திருந்தது நான்காவது. இவற்றுள் கண்ணை உறுத்திய ஓட்டையே எளிய வேலை என்பதும், வெளியே குறை ஏதும் காட்டாத பின்பலகையே பெரிய வேலை என்பதும் போகப்போகத்தான் தெரிந்தன.

ரெசின் ஈரத்தின் மேலும் உப்பின் மேலும் ஒட்டாது. ஆகவே முதல் பத்து நாட்கள் படகைக் கழுவுவதிலும் காயவைப்பதிலும் கழிந்தன. கழுவுவதற்கு உப்பில்லாத தண்ணீர் தேவை. மழை பொய்த்த அந்தக் கோடையில் நல்ல தண்ணீர் என்பது குடத்துக்குக் கணக்குப் பார்த்த பொருள். குடிக்க வேண்டிய தண்ணீரைப் படகுக்கு ஊற்றுவது கண்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் முகம் சுளித்தது நியாயமே என்பதால், மூன்று பீப்பாய்த் தண்ணீர் வேறிடத்திலிருந்து வண்டியில் கொண்டுவரப்பட்டது. காய்ந்துவிட்டதா என்று அறிவதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. அரைத்த பரப்பின் மேல் ஒரு பாலிதீன் தாளை வைத்து, நான்கு பக்கமும் நாடாவால் ஒட்டி, ஓரிரவு விட்டுவைத்தால், ஓட்டுக்குள் ஈரம் இருக்கும்வரை காலையில் தாளின் உட்புறத்தில் முத்து முத்தாகத் துளிகள் நிற்கும். ஆறாம் நாள்வரை நின்ற துளிகள் ஒன்பதாம் நாள் நிற்கவில்லை.

அடுத்தது அரைத்தல். ஓட்டைக்கு நேரே ஓர் ஒட்டுப் போட்டால் போதும் என்று எண்ணுவது இயல்பு. அவ்வாறு போட்ட ஒட்டு, தன் விளிம்பில் மட்டுமே பழைய ஓட்டைப் பற்றியிருப்பதால், அலை அறைந்த சில நாட்களில் மூடிபோலத் தெறித்துவிடும். விளிம்பை நாற்புறமும் சரிவாக அரைத்து, புதிய அடுக்குகள் பழைய அடுக்குகளின் மேல் படிப்படியாக ஏறி அமருமாறு செய்ய வேண்டும். தடிப்பு ஒரு பங்கானால் சரிவு 12 பங்கு என்பது இத்துறையில் பொதுவாகக் கொள்ளப்படும் விதி. ஓட்டின் தடிப்பு அவ்விடத்தில் 6 மில்லிமீட்டர். எனவே சரிவு ஒவ்வொரு புறமும் 72 மில்லிமீட்டர். 20 சென்டிமீட்டர் ஓட்டை இவ்வாறு 34 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட வட்டமாக அகன்றது. பழுதைக் குறைக்க வந்தவர் முதல் வேலையாகப் பழுதைப் பெருக்குவது கண்டு உரிமையாளர் பேசாமல் நின்ற மாலை, கட்டுரையாளரின் நினைவில் நெடுநாள் தங்கியது. வேலை முழுவதையும் கூட்டிப் பார்த்தால், சேர்த்த நேரம் ஒரு பங்கு என்றால் நீக்கிய நேரம் ஐந்து பங்குக்குக் குறையாது.

அரைக்கும்போது எழும் கண்ணாடித் தூசு நுண்ணிய ஊசிகளாலானது. அது தோலில் தைத்தால் இரவெல்லாம் அரிக்கும். மூச்சில் சென்றால் நுரையீரலுக்குத் தீங்கு. ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் என்ற ஆவி தலையை வலிக்கச் செய்வது. முழுக்கைச் சட்டை, கண்ணாடி, வடிகட்டியுள்ள முகமூடி ஆகியவற்றை ஆசிரியர் வாங்கி வந்தார். இருபது ஆண்டுகளாக ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்த மேஸ்திரி, முகமூடியை ஒரு நாள் அணிந்து பார்த்துவிட்டு, மூச்சு முட்டுகிறது என்று கழற்றினார். மறுவாரம் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். தூசு தைத்த கையை வெந்நீரில் கழுவக் கூடாது, பச்சைத் தண்ணீரில் தேய்க்காமல் கழுவ வேண்டும் என்பது அவர் பதிலுக்குத் தந்த அறிவுரை.

இனி ரெசினின் இயல்பைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பாலியெஸ்டர் ரெசின் தேன்போன்ற திரவம். அதனுள் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஸ்டைரீனில் கரைந்து மிதக்கின்றன. கேட்டலிஸ்ட் என்று கடைகளில் விற்கப்படும் மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு சேர்ந்ததும், ஸ்டைரீன் மூலக்கூறுகள் அச்சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பாலங்களாக மாறி, திரவம் முழுவதும் ஒரே வலையாகப் பின்னிக்கொள்கிறது. இவ்வினையைச் சாதாரண வெப்பநிலையிலேயே நடக்கச் செய்வது ஊதா நிறக் கோபால்ட் கரைசல். இரண்டையும் தனித்தனியே ரெசினில் கலக்க வேண்டுமே தவிர, ஒன்றோடொன்று நேரடியாகக் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வைக்கு ஆபத்து. தண்ணீர்போலத் தெளிந்து தோன்றும் அத்திரவத்தைப் பழைய குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைக்கும் பழக்கம் கரையில் இருந்தது. அதைக் கைவிடச் செய்ததுதான் அந்தக் கோடையில் வேதியியல் பட்டம் செய்த உருப்படியான ஒரே உதவி எனலாம்.

ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் வரை கேட்டலிஸ்ட் என்பது ஏற்கப்பட்ட அளவு. ஆசிரியர் ஊசிக்குழலால் அளந்தார். மேஸ்திரி புட்டியின் மூடியால் அளந்தார். காலையில் மூன்று மூடி, வெயில் ஏறினால் இரண்டு என்பது அவருடைய கணக்கு. அந்த மூடியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் அளந்தபோது அது 5 மில்லிலிட்டர் கொண்டது. அடர்த்தியையும் சேர்த்துப் பெருக்கினால் மூன்று மூடி 16 கிராமுக்குச் சற்று மேல், இரண்டு மூடி 11 கிராம். இரண்டுமே வரம்புக்குள் அடங்கின. ஊசிக்குழலோ முதல் வாரத்திலேயே ஆசிரியரைக் கைவிட்டது. ஒருநாள் முற்பகல் பதினொரு மணிக்கு, வேலை விரைவாக முடியட்டும் என்று, வரம்பின் மேலெல்லையாகிய 20 கிராமைச் சேர்த்து ஒரு வாளியில் கலக்கிவிட்டுப் பாயை வெட்டத் திரும்பியபோது, பத்து நிமிடத்துக்குள் ரெசின் கட்டியாகி, புகைந்து, பிளாஸ்டிக் வாளியின் அடியை உருக்கியது. இறுகும் வினை வெப்பத்தை வெளிவிடுவது. ஒடுங்கிய வாளியில் அவ்வெப்பம் வெளியேற வழியில்லாமல் வினையை மேலும் முடுக்குவது. மே மாத வெயில் இதைத் தொடக்கத்திலேயே ஊதிவிடுவது. மேஸ்திரி வாளியைக் கம்பால் தள்ளி மணலில் கவிழ்த்துவிட்டு, "மருந்துக் கணக்கு சரிதான் சார், வெயிலைக் கணக்குல சேர்க்கலையே" என்றார். அதன் பிறகு கலவை அகன்ற தட்டில், அரைக் கிலோவுக்கு மிகாமல், காலை எட்டு மணிக்குள் கலக்கப்பட்டது.

அடுக்குதல் என்னும் வேலை, கேட்பதற்கு எளிது. இழைகள் எத்திசையிலும் சிதறிக் கிடக்கும் பாய் ஒரு வகை. கயிறுபோன்ற இழைக்கற்றைகளைக் குறுக்கும் நெடுக்கும் நெய்த துணி மற்றொரு வகை. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள பாய், தன் எடையைப்போல் இரண்டரை மடங்கு ரெசினை உறிஞ்சி, ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிப்பைத் தரும். நெய்த துணி வலிமை மிகுந்தது. ஆனால் துணிமேல் துணியாக வைத்தால் இடையில் பற்று குறைவதால், பாயும் துணியும் மாறி மாறி வர வேண்டும். ஓட்டைக்கு உட்புறமிருந்து நான்கு பாயும் இரண்டு துணியும், சிறியது முதலிலும் பெரியது இறுதியிலுமாக இடப்பட்டன. வெளிப்புறத்தில் மெழுகு தடவிய பிளாஸ்டிக் தகடு ஒன்று வளைத்துக் கட்டப்பட்டுத் தற்காலிக அச்சாக நின்றது. ஒவ்வோர் அடுக்கையும் தூரிகையால் தேய்க்காமல் குத்திக் குத்தி நனைத்து, வரிப்பள்ளம் உள்ள உருளையால் காற்றுக் குமிழிகளை ஓரத்துக்கு ஓட்ட வேண்டும். வெண்மையாக இருக்கும் பாய் நன்றாக நனைந்ததும் கண்ணாடிபோல் தெளிந்துவிடும். வெண்மை எஞ்சியுள்ள இடமெல்லாம் காற்று எஞ்சியுள்ள இடம். ரெசின் மிகுந்தால் வலிமை கூடும் என்பதும் தவறான எண்ணமே, ஏனெனில் இழையில்லாத ரெசின் கடினமானதாயினும் எளிதில் வெடிப்பது.

இரண்டாவது தவறும் ஆசிரியருடையதே. மேஸ்திரி வராத ஒரு நாளில், உட்புற அடித்தளத்தில் மழுங்கிய ஓசை தந்த ஓரிடத்தை, பார்வைக்குச் சுத்தமாக இருந்ததால் அரைக்காமலே, மூன்று அடுக்குகள் இட்டு மூடினார். நான்காம் நாள் மேஸ்திரி அதன் ஓரத்தில் உளியை நுழைத்து நெம்பியபோது, ஒட்டு முழுவதும் காய்ந்த அப்பளம்போல ஒரே வீச்சில் கழன்று வந்தது. முன்பே இறுகிவிட்ட ரெசினோடு புதிய ரெசின் வேதிப்பிணைப்பாகச் சேர்வதில்லை. அரைத்து உண்டாக்கிய கீறல்களைப் பற்றிக்கொண்டு நிற்பது மட்டுமே அதற்கு இயலும். பாலங்கள் எல்லாம் முன்பே கட்டி முடிக்கப்பட்டுவிட்டதால் புதியவற்றுக்கு முனை கிடைப்பதில்லை என்பது வகுப்பறையில் பல ஆண்டுகள் சொல்லப்பட்ட செய்திதான். அச்செய்தியை உளியின் முனையில் காண்பதற்கு அந்தக் கழன்ற ஒட்டு தேவைப்பட்டது. அது பின்னர் பள்ளியின் ஆய்வக அலமாரியில் வைக்கப்பட்டது.

பின்பலகைக்கே மே மாதத்தின் பிற்பாதி முழுவதும் செலவாயிற்று. பைபர் ஓட்டின் இரு தோல்களுக்கிடையே ஒட்டுப்பலகை வைத்து உருவாக்கப்படும் அப்பகுதி, மோட்டாரின் எடையையும் உந்துதலையும் தாங்குவது. மோட்டாரைப் பொருத்தும் போல்ட்டுகளுக்காகத் துளையிட்டபோது, துளையின் உட்சுவரை ரெசினால் மூடாமல் விட்டிருந்ததால், ஆண்டுக்கணக்கில் நீர் கசிந்து பலகையை நனைத்திருந்தது. உட்தோலை அறுத்துத் திறந்தபோது பலகை ஊறிய புண்ணாக்குபோல் கையோடு வந்தது. அதன் புளித்த நாற்றம் இரண்டு நாள் அவ்விடத்தை விட்டு அகலவில்லை. அங்கே 18 மில்லிமீட்டர் தடிப்புள்ள கடல்தர ஒட்டுப்பலகை இரண்டு, ரெசின் பூசி ஒன்றாக ஒட்டப்பட்டு, வெட்டுமுனைகள் அனைத்தும் மூடப்பட்டு அமர்த்தப்பட்டன. பலகையும் ஓடும் சந்திக்கும் மூலைகளில் ரெசினும் தூளும் கலந்த பசையால் வளைவு பிடித்து, அதன் மேல் அடுக்குகள் இடப்பட்டன; இழை செங்குத்தான மூலையில் மடங்கினால் காற்று தங்கிவிடும் என்பதே இதற்குக் காரணம். போல்ட்டுத் துளைகள் தேவையைவிடப் பெரிதாக இடப்பட்டு, ரெசின் பசையால் நிரப்பி இறுகவிட்டு, அந்த நிரப்பலுக்குள் சரியான அளவில் மறுபடி துளைக்கப்பட்டன. இவ்வாறு செய்தால் போல்ட்டு எங்குமே மரத்தைத் தொடாது. இந்தச் சிறு நுணுக்கம் முதலிலேயே கைக்கொள்ளப்பட்டிருந்தால் அந்தப் பலகை உளுத்திருக்காது.

நுரைப்பொருளைப் பற்றிச் சொல்லும்போது மரத்துக்கும் பைபருக்கும் உள்ள மற்றொரு வேறுபாடு தெளிவாகிறது. கட்டுமரம் மூழ்காது; அதன் கட்டைகளே மிதப்பவை. கண்ணாடியும் ரெசினும் சேர்ந்த ஓடு தண்ணீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. நீர் நிறைந்தால் கல்லைப்போல் அடியில் போய்ச் சேரும். ஆகையால் அறைகளில் அடைக்கப்படும் நுரைதான் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதக்கும் மனிதரின் உயிர். பழைய நுரையைத் தோண்டி எடுத்து எடைபோட்டபோது, ஒரு சாக்கை இருவர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. உலர்ந்த நிலையில் ஒரு சிறுவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருப்பான். உரிமையாளர் அந்தச் சாக்கை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நம்பித்தானே இத்தனை வருடம் போய்வந்தோம் என்று அவர் சொன்ன பிறகுதான், பொழுதுபோக்கு என்ற சொல்லை ஆசிரியர் அந்தக் கரையில் பயன்படுத்துவதை நிறுத்தினார்.

பழைய மரக்கலங்களைக் காக்கும் முறையோடு இதை ஒப்பிட்டுப் பேசுவது மாலை நேரங்களில் வழக்கமாயிற்று. பலகைகளின் இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய பூச்சால் அடைப்பதைக் கலப்பத்து என்பர். விலாச்சட்டங்களாகிய வங்குகளும் அடிமரமாகிய ஏராவும் ஆண்டுதோறும் சோதிக்கப்பட்டன. அந்த வேலைக்குக் குடும்பங்கள் இருந்தன, பேரும் கூலியும் முறையும் இருந்தன. பராமரிப்பே வேண்டாத கலம் என்ற பேச்சோடு பைபர் வந்தது. உளுக்காது, துருப்பிடிக்காது என்பது ஓட்டைப் பொறுத்தவரை உண்மை. ஓட்டுக்குள் மறைந்திருக்கும் பலகைக்கும் நுரைக்கும் அது பொருந்தாது. கலப்பத்துக்காரர் ஆண்டுதோறும் தேடிக் கண்டுபிடித்த பழுதை, பைபர் படகு வைத்திருப்பவர் உடைந்தபின்பே காண்கிறார்.

ஜூன் முதல் வாரத்தில் ஓடு முழுவதும் தேய்த்துச் சமப்படுத்தப்பட்டு, வெளிப்புறத்தில் நீல நிறப் பூச்சு ஏறியது. காற்றுப் படும் பரப்பில் பாலியெஸ்டர் ரெசின் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும் இயல்புடையதாதலால், கடைசிப் பூச்சில் சிறிது மெழுகுக் கரைசல் சேர்க்கப்பட்டது. அது மேலே மிதந்து வந்து காற்றைத் தடுக்கிறது. கடலில் இறக்குமுன் மற்றொரு சோதனையும் உண்டு. படகை நிமிர்த்திக் கட்டைகளின் மேல் வைத்து, உள்ளே அரை முழம் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, அடியில் எங்கேனும் வெளிப்புறம் நனைகிறதா என்று பார்க்கப்பட்டது. ஒரே ஓர் இடத்தில், ஏராவின் ஓரமாக, வியர்வைபோல் ஈரம் தெரிந்தது. சுத்தியல் ஓசையில் ஐயத்துக்கிடமாக இருந்தும் அரைக்காமல் விடப்பட்ட இடம் அதுவே. மறுபடி காயவைத்து, அரைத்து, அடுக்கியதில் ஒரு வாரம் கூடுதலாயிற்று. தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் ஆரவாரத்தோடு புறப்பட்ட சில நாட்களுக்குப் பின், கச்சான் வீசிய ஒரு விடியற்காலையில், ஆள் யாரும் கூடாமல் அப்படகு நீரில் இறங்கியது. ஏறத்தாழ 25 கிலோ ரெசின், எட்டு வாரம், ஒரு வாளி ஆகியவை அதுவரையான செலவு.

இத்தகைய படகுகள் கைவிடப்பட்டால் என்ன ஆகும் என்பதும் எண்ணத்தக்கது. குறுக்குப் பாலங்களால் பின்னப்பட்ட ரெசினை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. எரித்தால் கரும்புகையும் நச்சும் எழும், புதைத்தால் மக்காது, வெயிலில் விட்டால் பொடிந்து இழையும் தூளுமாகக் கடலில் சேரும். பிரான்ஸ் நாட்டில் பழைய உல்லாசப் படகுகளைத் திரட்டிப் பிரித்தழிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் ஏற்கும் ஏற்பாடு 2019இல் நடைமுறைக்கு வந்தது. தமிழகக் கரையில் பழைய பைபர் ஓடுகள் பெரும்பாலும் புதரோரங்களிலேயே கிடக்கின்றன. அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு, ஆவுளியா எனப்படும் கடற்பசுவுக்கும் அது மேயும் கடற்புல்லுக்குமான காப்பகமாக 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டுள்ள நிலையில், கரையில் பொடியும் ஒவ்வோர் ஓடும் அந்தப் புல்வெளிக்கு அருகிலேயே பொடிகிறது. அழிக்கவொண்ணாத பொருளை நெடுநாள் உழைக்கச் செய்வதே இப்போதைக்குக் கையிலுள்ள வழி. அதற்கு வேண்டிய அறிவு மேஸ்திரிகளின் காதிலும் கையிலும் இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களும் மீன்வளத் துறையின் பயிற்சிகளும் அதை எழுத்தில் பிடித்து, முகமூடியையும் கையுறையையும் சேர்த்து, அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க வேண்டும்.

அப்படகு இப்போதும் நண்டு வலைக்குச் சென்று வருகிறது. அதன் உட்புறத்தில், ஓட்டையை அடைத்த இடம் மட்டும், உரிமையாளரின் விருப்பப்படி வண்ணம் பூசப்படாமல், உள்ளிழை தெரியும்படி விடப்பட்டுள்ளது. ஒவ்வோர் ஆண்டும் விசைப்படகுகள் கரையேறும் ஏப்ரல் 15 அன்று, அவரும் தம் படகை ஒரு நாள் கரையில் ஏற்றி, சுத்தியலின் மரப்பிடியால் அணியத்திலிருந்து அமரம் வரை தட்டிப் பார்க்கிறார்.